மார்பில் அணியும் இருதயப் பதிவுக் கருவியும் அணிந்தவர் அச்சமும்

தெற்கு அந்தமானில் பெருநெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது பெரார்கஞ்ச். 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமைக் கமிஷனராக இருந்த பெரார் என்பவரின் பெயரால் இவ்வூர் வழங்கி வருகின்றது. கமுகும் தென்னையும் செறிந்த சரிவுகள், ஆண்டில் பெரும்பகுதி பெய்யும் மழை, வியர்வையை உலரவிடாத காற்று, வங்காளமும் இந்தியும் தமிழும் தெலுங்கும் மலையாளமும் கலந்தொலிக்கும் கடைத்தெரு ஆகியவை இவ்வட்டாரத்தின் இயல்புகள். 2011ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், களப்பணியாளருக்கான சுகாதாரக் கைப்பிரதி ஒன்றை மொழிபெயர்க்கும் அலுவல் நிமித்தம் இக்கட்டுரையாளர் அங்கு மூன்று வாரம் தங்க நேர்ந்தது. இருப்பிடம், பணி ஓய்வை நெருங்கிய தமிழாசிரியர் ஒருவரின் இல்லம். இரண்டாம் வாரத்தில், மார்பில் ஒரு துடிப்புத் தவறி மறுதுடிப்பு ஓங்கி விழுவது போன்ற உணர்ச்சி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை தோன்றலாயிற்று. தலைநகரிலுள்ள மருத்துவர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, 24 மணி நேரம் அணிந்திருக்க வேண்டிய சிறு கருவி ஒன்றை மார்பில் பொருத்தி, வழக்கமான வேலைகளைச் செய்யுமாறு கூறி அனுப்பினார். பேருந்தில் பெரார்கஞ்ச் திரும்புவதற்குள்ளாகவே அவ்வுணர்ச்சி ஏழெட்டு முறை தோன்றிவிட்டது. இரவில் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தும் தம் இருதயத்தின் ஓசையையன்றி வேறொன்றையும் அவரால் கேட்க முடியவில்லை. கருவியால் நோய் முற்றிவிட்டதோ என்றுகூட ஐயுற்றார். உண்மையில் கூடியிருந்தது கவனமே என்பது பின்னர்தான் விளங்கிற்று.

இவ்விதழின் வாசகர்களில் பலர் மருத்துவமனைக்கு நெடுந்தொலைவிலுள்ள இடங்களில் பணியாற்றுகின்றவர்கள். இத்தகைய கருவியைத் தாமே அணிய நேரலாம், அல்லது அணிந்த ஒருவர் அவர்களை நாடி வந்து, “இதற்கு என்ன பொருள்?” என்று வினவலாம். ஆகவே கருவியைப் பற்றியும், அது கிளப்பிவிடும் அச்சத்தைப் பற்றியும் சில செய்திகள் இங்குக் கூறப்படுகின்றன.

இருதயம் சுருங்கும்போதெல்லாம் மிகச் சிறிய மின்சார மாறுதல்கள் உடலின் மேற்பரப்பு வரை பரவுகின்றன. இவற்றைச் செவ்வையாக வரைந்து காட்டிய முதல் கருவியை அமைத்தவர் ஹாலந்து நாட்டின் லைடன் நகரப் பேராசிரியர் ஐந்தோவன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த அக்கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுள்ளது. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி உப்புநீர்க் கலங்களில் கைகால்களை அமிழ்த்தி அமர வேண்டும். கருவியை நோயாளியிடம் கொண்டுபோக இயலாமையால், 1905இல் மருத்துவமனையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே துடிப்புகளை வரவழைத்து அவர் பதிவு செய்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, லைடன் நகரின் அந்த ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பியை நினைவுகூர்ந்தவர் சிலரேனும் இருந்திருப்பர்.

ஐந்தோவனின் முறையில் ஒரு குறை எஞ்சியிருந்தது. படுத்திருக்கும் மனிதனின் இருதயத்தைச் சில நொடிகள் மட்டுமே அது காட்டும். மாடிப்படி ஏறும்போதோ, மேலதிகாரியிடம் பேசும்போதோ, நள்ளிரவில் திடுக்கிட்டு விழிக்கும்போதோ இருதயம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிய வழியில்லை. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹெலெனா நகரைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர் இதற்கு வழி கண்டார். 1940களின் பிற்பகுதியில் அவர் அமைத்த முதல் கருவி முதுகில் சுமக்கும் மூட்டையாக இருந்தது. எடை ஏறத்தாழ 38 கிலோகிராம். அதனைச் சுமந்துகொண்டு அவரே நிலைச் சைக்கிளை மிதித்துப் பரிசோதித்தார். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவனின் இருதயம் இயல்பாகத் துடித்திருக்குமா என்று நாம் வினவலாம்! கருவி படிப்படியாகச் சிறிதாயிற்று. 1961இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் தம் முறையை விளக்கி எழுதிய பின்னர் மருத்துவமனைகளில் இது பரவியது. இன்று நாம் அணிவது உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. சில மின்வாய்கள் மார்பில் ஒட்டப்படுகின்றன. ஒட்டுத்துணி போன்று ஒரே துண்டாக அமைந்து இரண்டு வாரம் வரை பதிவு செய்பவையும் உண்டு. ஹோல்ட்டரின் பெயரே கருவிக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இக்கருவியைப் பற்றி மக்களிடையே நிலவும் சில தவறான எண்ணங்களே அச்சத்தில் பாதிக்குக் காரணம். முதலாவதாக, இது உடலினுள் மின்சாரத்தைச் செலுத்துவதில்லை. உடலிலிருந்து வருவதைக் குறித்துக்கொள்வதோடு சரி. இரண்டாவதாக, சாதாரண ஹோல்ட்டர் கருவியின் பதிவை எவரும் அந்நேரத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்த பின்னரே கணக்கிட்டுப் படிக்கின்றனர். ஆகவே அதில் மினுக்கும் சிறு விளக்கு அபாய அறிவிப்பு அன்று. பெட்டியிலுள்ள பொத்தானை அழுத்தினால் மருத்துவர் ஓடி வருவதுமில்லை. “இந்நேரத்தில் எனக்கு ஏதோ தோன்றியது” என்று பதிவில் ஓர் அடையாளம் விழுகின்றது, அவ்வளவே. மூன்றாவதாக, கருவியைப் பொருத்தியதனாலேயே மருத்துவர் பெரிய நோயை ஐயுறுகிறார் என்று கொள்ளுதல் பொருந்தாது. நோயாளி உணர்ந்ததும் இருதயம் செய்ததும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தனவா என்பதை ஒப்புநோக்குவதே முதன்மையான நோக்கம். படபடப்பை உணர்ந்த அதே நிமிடத்தில் பதிவு ஒழுங்காக இருப்பின், அது வீணான சோதனை அன்று. மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை எனலாம்.

படபடப்பு என்னும் சொல்லைப் பற்றி மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சிறிது கூற வேண்டியிருக்கிறது. ஆங்கில மருத்துவ நூல்களில் இருதயத் துடிப்பை உணர்தலுக்கு ஒரு சொல்லும், மனக்கலக்கத்துக்கு வேறொரு சொல்லும் உண்டு. தமிழில் படபடப்பு இரண்டையும் குறிக்கும். நெஞ்சு என்பதோ மார்பு, இருதயம், மனம், சில வட்டாரங்களில் தொண்டை ஆகிய அனைத்துக்கும் பொதுப்பெயர். “நெஞ்சு படபடவென்று இருக்கிறது” என்று ஒருவர் கூறினால் அவர் உடலைச் சொல்கிறாரா, உள்ளத்தைச் சொல்கிறாரா என்று பிரித்தறிதல் அரிது. இதனைச் சிலர் நம் மொழியின் குறையாகக் கருதுவர். அச்சொல்லை வழங்கியவர்கள் உடலையும் உள்ளத்தையும் பிரித்துப் பார்க்காதது அறியாமையால் அன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் மருத்துவரிடம் பேசும்போது பிரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு எளிய உபாயம் ஒன்றுண்டு. உணர்ந்த துடிப்பை மேசைமேல் விரலால் தட்டிக் காட்டச் சொல்லலாம். மருத்துவர்களும் இவ்வாறு கேட்பதுண்டு. சீராகவும் விரைவாகவும் தட்டுகிறாரா, தாளமே இல்லாமல் தட்டுகிறாரா, ஓர் அடி முன்னதாக விழுந்து இடைவெளிவிட்டு அடுத்த அடி ஓங்கி விழுகிறதா என்பதைக் கொண்டு பலவற்றை ஊகிக்க முடியும். தாளம் போட்டுப் பழகிய நம் மக்களுக்கு இது கடினமன்று.

இனி, அச்சத்தால் துடிப்பு மிகுவது எவ்வாறு? அபாயம் நேரும் என்று மனம் கொண்டவுடன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார். இருதயம் விரைந்தும் ஓங்கியும் துடிக்கும்; மூச்சு வேகமாகும்; உள்ளங்கை வியர்க்கும். பாம்பைக் கண்டு விலகி ஓடுவதற்கு இவை யாவும் உதவும். ஓடுவதற்கு இடமில்லாமல் கட்டிலில் படுத்திருப்பவனுக்கோ இம்மாறுதல்களே பாம்பாகத் தோன்றுகின்றன. துடிப்பைக் கண்டு அஞ்சுகிறான். அச்சத்தால் துடிப்பு மிகுகின்றது. மிகுந்த துடிப்பு அச்சத்துக்குச் சான்றாகின்றது. 1986இல் இங்கிலாந்தின் உளவியல் அறிஞர் டேவிட் கிளார்க் இச்சுழலைத் தெளிவாக வகுத்துக் காட்டினார். உடலில் தோன்றும் சாதாரண உணர்ச்சியைப் பேராபத்தின் குறியாகப் பொருள்கொள்வதே திடீர்ப் பீதிக்கு மூலம் என்பது அவர் கொள்கை.

இது புதிய நோயுமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்கள் பலர் படபடப்பு, மார்புவலி, மூச்சுத்திணறல் என்று முறையிட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 300 பேரைப் பரிசோதித்த டாகோஸ்ட்டா என்னும் மருத்துவர் 1871இல் எழுதிய கட்டுரையில் இந்நிலையை ‘எளிதில் கிளர்ச்சியுறும் இருதயம்’ என்று குறிப்பிட்டார். முதல் உலக யுத்தத்தில் இதே முறையீடுகளுடன் வந்த சிப்பாய்களைப் பற்றித் தாமஸ் லூயிஸ் 1918இல் ஒரு நூலே எழுதினார். இரண்டாம் யுத்தத்தின்போது, 1941இல், பால் உட் என்னும் இருதய மருத்துவர் இதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சமே என்று வாதிட்டார். இச்சிப்பாய்கள் கோழைகள் அல்லர். துப்பாக்கிக் குண்டுக்கு நடுவே நின்றவர்களுக்கே இந்நிலை எனின், நம்மைப் போன்றோர் வெட்கப்பட ஏதுமில்லை.

கருவியின் பதிவில் முற்றிலும் குறையற்ற தாளம் காணப்படும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகின்றது. இத்தனையுள் சில முந்திக்கொண்டு விழுதல் இயல்பே. 1977இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இருதய நோய் ஏதுமில்லாத 50 மருத்துவ மாணவர்களுக்கு இக்கருவியை 24 மணி நேரம் அணிவித்துப் பார்த்தனர். அவர்களுள் 28 பேருக்கு இருதயத்தின் மேலறையிலிருந்தும், 25 பேருக்குக் கீழறையிலிருந்தும் முந்துதுடிப்புகள் தோன்றின. உறக்கத்தில் சிலருடைய துடிப்பு நிமிடத்துக்கு 40க்கும் கீழே இறங்கிற்று. படிக்கும் நோயெல்லாம் தமக்கே வந்துவிட்டதாக மருத்துவ மாணவர் அஞ்சுவர் என்று ஒரு கேலி உண்டு. இம்மாணவர்களிடம் தத்தம் பதிவுகளை அப்போதே காட்டியிருப்பின் எத்தனை பேர் உறங்கியிருப்பார்களோ தெரியவில்லை.

பதிவில் கண்ட முறைகேட்டையெல்லாம் மருந்தால் அடக்கிவிட வேண்டும் என்று எண்ணுவதில் அபாயமும் உண்டு. மாரடைப்புக்குப் பின் முந்துதுடிப்பு மிகுந்திருந்த நோயாளிகளுக்கு அவற்றை அடக்கும் மருந்துகளைக் கொடுத்து அமெரிக்காவில் பெரியதொரு சோதனை நடைபெற்றது. மருந்து முந்துதுடிப்புகளை அடக்கத்தான் செய்தது. ஆயினும் 1991இல் வெளியான முடிவின்படி, இருவகை மருந்துகளை உண்ட 755 பேரில் 63 பேரும், மருந்தற்ற மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். தாளில் கண்ட கோடு அழகாயிற்று, நோயாளி பிழைக்கவில்லை. இந்தச் சோதனைக்குப் பின் மருத்துவர்கள் முந்துதுடிப்பைக் கண்டும் சிகிச்சை தராமல் விடுவதுண்டு. “பதிவில் கோளாறு இருக்கிறதென்கிறார், மருந்து மட்டும் தர மறுக்கிறாரே” என்று மனம் நொந்துகொள்வோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

நிற்க. இவ்வளவு கூறியதனால் படபடப்பெல்லாம் மனப்பிரமை என்று எவரும் கொண்டுவிடலாகாது. 1996இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், படபடப்புடன் வந்த 190 பேரில் நூற்றுக்கு 43 பேருக்கு இருதயமே காரணமாக இருந்தது. 31 பேருக்கு மனநிலை காரணமாயிருந்தது. எதிர்த்திசையில் நிகழும் தவறே இன்னும் கொடியது. திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் ஒருவகை மிகுவேகத் துடிப்பு உண்டு. அதற்கு நல்ல சிகிச்சையும் உண்டு. அந்நோயுள்ள 107 பேரை 1997இல் ஆராய்ந்தபோது, அவர்களில் நூற்றுக்கு 67 பேர் பீதிநோய்க்குரிய இலக்கணங்கள் அனைத்தையும் கொண்டிருந்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்கு முதற் பரிசோதனையில் நோய் கண்டுபிடிக்கப்படவேயில்லை. அவர்களுள் பலரிடம், பெண்களிடம் சற்று அதிகமாகவே, “இது மனக்கலக்கம்” என்று கூறப்பட்டிருந்தது. ஆகவே களப்பணியாளர் ஒருவர் தம்மிடம் வந்தவரை, அதிலும் ஒரு பெண்மணியை, “உங்களுக்கு ஒன்றுமில்லை, பயப்படுகிறீர்கள்” என்று அனுப்பிவிடுதல் ஒருபோதும் கூடாது. பதிவு வரும்வரை அவ்வாறு கூற எவருக்கும் உரிமையில்லை. பதிவு வந்த பின்னர் அதைக் கூறும் பொறுப்பு மருத்துவருடையது.

கருவி அணிந்திருக்கும்போதே காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகளும் உள்ளன. மயங்கி விழுதல் அல்லது விழும் நிலைக்கு வருதல். மார்பில் அழுத்தமோ இறுக்கமோ சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தல், அது தோள், கை, தாடை ஆகியவற்றுக்குப் பரவுதல். அதனோடு குளிர்ந்த வியர்வையும் வாந்தியும் காணுதல். ஓய்விலும் மூச்சுத் திணறுதல். மிகுவேகத் துடிப்பு ஓய்வெடுத்தும் அடங்காமை. ஒரு பக்கம் கைகால் வலுவிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை அவை. “கருவி இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பதிவுக் கருவி எவரையும் காப்பாற்றுவதில்லை. தீவுகளில் பேருந்துக்கும் படகுக்கும் நேரம் உண்டாகையால், இரவில் இவ்வாறு நேரின் யாருடைய வாகனத்தில், எந்த வழியே செல்வது என்பதைக் கருவி அணிந்த அன்றே தீர்மானித்துவிடுதல் வேண்டும். அத்தீர்மானத்தைச் செய்து முடித்தவுடன் மனம் பெருமளவு அமைதியுறுவதையும் காணலாம். அதன் பின்னர் அன்றைய பொழுதை இயல்பாகக் கழிக்க வேண்டியதே.

அவ்வாறு கழிப்பது எளிதா என்றால், எளிதன்று. பெரார்கஞ்சில் தங்கியிருந்த அந்த இரவில் இக்கட்டுரையாளர் குறிப்பேட்டில் துடிப்புத் தவறிய நேரங்களையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஆசிரியர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “தம்பி, துடிப்பு வந்ததை எழுதுகிறீர்கள். நாடியைப் பிடித்துப் பார்த்ததை ஏன் எழுதவில்லை?” என்றார். அதன் பின் அதையும் எழுதலானார். ஏழு மணி முதல் பத்து மணிக்குள் 26 முறை! எழுத வேண்டுமே என்ற சலிப்பினாலேயே பதினொரு மணிக்கு மேல் அது குறைந்தது. ஆசிரியர் மனோதத்துவம் பயின்றவரல்லர். முப்பது ஆண்டு வகுப்பறையில் பயின்றதை அவர் கூறினார். தன் உடலைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதும், பிறரிடம் திரும்பத் திரும்ப உறுதி கேட்பதும் அச்சத்தைத் தணிப்பது போலத் தோன்றினும் அதனை வளர்க்கின்றன என்று சால்கோவ்ஸ்கிஸ், வார்விக் என்னும் இங்கிலாந்து அறிஞர் இருவர் 1986இல் எடுத்துக்காட்டியிருப்பதை இக்கட்டுரையாளர் பின்னர் ஒரு நூலில் கண்டார். வீட்டிலுள்ளோர் மணிக்கொருமுறை “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரவு உணவின்போது ஒருமுறை கேட்பது, அதற்குமேல் கேட்பதில்லை என்று முன்னரே பேசி வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பேடு எழுதும் முறையைக் களப்பணியாளருக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. மழைமானியைப் பார்த்து எழுதுவோர் கண்டதை மட்டும் எழுதுவர். இவ்வாண்டு விளைச்சல் பொய்க்கும் என்று அதில் எழுதுவதில்லை. இதுவும் அவ்வாறே. “10-15, கரும்பலகை அழித்தபோது, துடிப்புத் தவறியது போன்ற உணர்ச்சி, சில நொடி” என்று எழுதுதல் சரி. “10-15, மாரடைப்பு வரும்போல் இருந்தது” என்று எழுதுதல் மருத்துவருக்கும் பயன்படாது, எழுதியவருக்கும் நன்மை செய்யாது. பொத்தானை ஒருமுறை அழுத்தி, ஒரு வரி எழுதி, கையிலிருந்த வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்த நிமிடத்தைக் கருவி குறித்துவைத்துவிட்டது. நாம் அதனை மனத்தில் சுமக்க வேண்டியதில்லை.

வழக்கமான வேலைகளை நிறுத்திவிட்டுப் படுத்திருத்தலும் பொருந்தாது. மருத்துவர் தடுத்திருந்தாலன்றி, சரிவில் ஏறுபவர் ஏறவும், வகுப்பெடுப்பவர் எடுக்கவும், காப்பி குடிப்பவர் குடிக்கவும் வேண்டும். ஓய்ந்திருக்கும் இருதயத்தைப் பார்ப்பதற்கு ஐந்தோவனின் கருவியே போதுமே! இடப்பக்கமாகப் படுத்தால் இருதயம் மார்புச் சுவருக்கு நெருங்குவதால் துடிப்பு மிகுதியாக உணரப்படும். வலப்பக்கமாகத் திரும்பிப் படுக்கலாம். அச்சம் மேலிடும்போது மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டி, ஐந்து நிமிடம் மெதுவாகச் சுவாசித்தல் பயன் தரும். உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதும் வெளிவிடும்போது வேகஸ் நரம்பின் செயலால் தணிவதும் உடலின் இயற்கை. கருவியின் பதிவிலேயே இந்த ஏற்றத்தாழ்வைக் காணலாம்.

அந்தமானின் காற்றில் கருவியைக் காப்பது தனி வேலை. மின்வாய்கள் ஒட்டும் இடத்தில் எண்ணெயோ பவுடரோ இருத்தலாகாது. முடியை மழித்துத் துடைத்து உலர்த்திய பின்னரே ஒட்ட வேண்டும். மேலே தளர்வான பருத்திப் பனியன் அணிவது நல்லது. சாதாரணக் கருவியுடன் குளித்தலும் கடலில் இறங்குதலும் கூடா. மழையில் நடப்போர் பெட்டியை எண்ணெய்த்துணியிலோ பிளாஸ்டிக் பையிலோ சுற்றிக்கொள்ளலாம். இக்கட்டுரையாளரின் மார்பில் விடியற்காலை ஒரு மின்வாய் வியர்வையால் கழன்று, இரண்டு மணி நேரப் பதிவு பழுதுபட்டது. கழன்றால் அதே இடத்தில் அழுத்தி, மேலே மருத்துவ ஒட்டுநாடாவை ஒட்டி, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினால் போதும். அதற்காக அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

ஆசிரியர் ஒருவர் கருவியுடன் வகுப்புக்குச் சென்றால் மாணவர் கண்ணுக்கு அது தப்பாது. மறைக்க முயல்வதைவிட, “என் இருதயம் ஒரு நாள் முழுதும் எழுதும் நாட்குறிப்பு இது” என்று கூறிவிட்டு, அதனையே பாடமாக்கலாம். மாணவர் இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் நாடியை மற்றவர் ஒரு நிமிடம் எண்ணட்டும். இருபது முறை குதித்த பின் மீண்டும் எண்ணட்டும். ஐந்து நிமிடம் கழித்து மூன்றாம் முறை எண்ணட்டும். துடிப்பு ஏறுவதும் தானே இறங்குவதும் இருதயத்தின் தொழில் என்பதைப் பத்து வயதில் எண்ணிப் பார்த்து அறிந்தவன் நாற்பது வயதில் அதனைக் கண்டு அவ்வளவாக அஞ்சமாட்டான்.

இப்போது கைக்கடிகாரங்களும் இருதயத்தின் மின்வரைவைக் காட்டத் தொடங்கிவிட்டன. இவற்றால் நன்மை உண்டு. ஆப்பிள் கடிகாரம் அணிந்த 4,19,297 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2019இல் வெளியான ஆராய்ச்சியில், ஒழுங்கற்ற நாடி என்ற அறிவிப்பு நூற்றுக்கு அரைவாசிப் பேருக்குத்தான், அதாவது இருநூறு பேருக்கு ஒருவர் வீதம், வந்தது. அவ்வாறு வந்து, பின்னர் ஒட்டுக்கருவி அணிந்து அதனைத் திருப்பி அனுப்பியவர்களுள் நூற்றுக்கு 34 பேருக்கு மேலறை நடுக்கம் என்னும் நோய் உறுதிப்பட்டது. தீமையும் உண்டு. அதே நோயுள்ள எழுபது வயது மூதாட்டி ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் 2020இல் எழுதியுள்ளனர். அவர் கடிகாரத்தின் மூலம் ஓராண்டில் 916 முறை தம் இருதயத்தைப் பதிவு செய்தார். பன்னிரண்டு முறை மருத்துவமனைக்கும் அவசரப் பிரிவுக்கும் ஓடினார். நோய் முற்றவில்லை, அச்சம் முற்றியிருந்தது. மனோதத்துவ முறையில் அளித்த சிகிச்சைக்குப் பின் அவர் நிலை சீரடைந்தது. ஹோல்ட்டர் கருவிக்கு உள்ள ஒரு நற்குணம் அது நமக்கு எதையும் காட்டாதிருப்பதே. கடிகாரமோ கேட்டபோதெல்லாம் காட்டுகின்றது. ஆகவே ஹோல்ட்டர் அணிந்துள்ள நாட்களில் அத்தகைய கடிகாரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தல் நன்று.

இக்கட்டுரையாளரின் பதிவு ஒரு வாரத்துக்குப் பின் வந்தது. ஏறத்தாழ 96,000 துடிப்புகளில் 212 முந்துதுடிப்புகள் இருந்தன. பொத்தானை அழுத்திய 19 தடவைகளில் 16 தடவை தாளம் ஒழுங்காகவே இருந்தது. மூன்று தடவை மட்டும் முந்துதுடிப்பு விழுந்திருந்தது. எஞ்சிய இருநூற்றுச் சொச்சத்தை அவர் உணரவேயில்லை. அவற்றுள் பெரும்பகுதி அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது நேர்ந்தவை. மருந்து தேவையில்லை என்று மருத்துவர் கூறினார். அன்று மாலை வரை மகிழ்ச்சியாக இருந்தது, இரவில், “மின்வாய் கழன்றிருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்ததோ?” என்ற எண்ணம் எழுந்தது. நற்செய்திக்குப் பின்னும் அச்சம் இவ்வாறு ஒரு பொந்தைத் தேடிக்கொள்வது வழக்கம். சில நாட்களில் அது தானே ஓய்ந்தது.

ஓயாமல் பல வாரம் நீடித்து, உறக்கத்தையும் வேலையையும் கெடுக்குமாயின், மீண்டும் ஒரு கருவியை நாடுவதால் பயனில்லை. அச்சத்துக்கே சிகிச்சை பெறுதல் வேண்டும். அதற்கெனப் பயின்றவர் நடத்தும் பேச்சு முறைச் சிகிச்சை நற்பயன் தருவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கருவியைத் திருப்பிக் கொடுக்கச் செல்வோர் குறிப்பேட்டையும் மறவாமல் உடன் கொடுக்க வேண்டும். பதிவைக் கணக்கிட்டுப் படிப்பதற்குச் சில நாட்களாகும். அந்நாட்களில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வராதிருப்பின், பதிவு இன்னும் படிக்கப்படவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள் கொள்ளலாம். எந்நாளில் வந்து முடிவை அறிவது என்பதைக் கருவியை ஒப்படைக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளவும்.